படிக்கட்டுக் கிராதி: பளபளப்பைப் பார்க்கும் முன் கம்பி இடைவெளியைப் பாருங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

புது வீடுகளின் கூடத்துப் படிக்கட்டில் இன்று அதிகம் தென்படுவது, சரிவுக்கு இணையாக நாலைந்து எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) பைப்புகள் படுக்கையாக ஓடும் கிராதிதான். காற்றும் வெளிச்சமும் தாராளமாக வரும், சரி. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு அது ஏணி. குழந்தை இருக்கும் வீட்டிலும், பேரப்பிள்ளைகள் வந்துபோகும் வீட்டிலும் கம்பிகள் நட்டுக்குத்தாகத்தான் நிற்க வேண்டும்.

கம்பிகளுக்கு நடுவே உள்ள சந்து 100 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. சின்னக் குழந்தைகள் புழங்கும் கட்டடங்களில் 100 மி.மீ. உருண்டை எந்தச் சந்திலும் நுழையக் கூடாது என்பது இங்கிலாந்து விதி. உடம்பு நுழைந்துவிடும் சந்தில் தலை மாட்டிக்கொள்ளும். கால் முதலில் போய்விட்டால் குழந்தை கழுத்தில் தொங்கும். நம் பட்டறைகளில் ‘படிக்கு ரெண்டு கம்பி’ என்பது வழக்கம். படியின் மிதி (கால் வைக்கும் அகலம்) 10 அங்குலம் என்றால் 127 மி.மீ.க்கு ஒரு கம்பி வரும். 12 மி.மீ. சதுரக் கம்பி போட்டால் சந்து 115, 25 மி.மீ. பைப் போட்டாலும் 102. படிக்கு மூன்றாகக் கேளுங்கள். 12 மி.மீ. கம்பியில் சந்து 73 மி.மீ. ஆகிவிடும், காற்று வரும் பரப்பில் ஏழில் ஒரு பங்குதான் அடைபடும்.

கண்ணாடி வெளிச்சத்தை விடும், காற்றை விடாது. அதுதான் வேண்டும் என்பவர்கள் இரண்டு டஃபன்டு (சூடாக்கி உறுதியாக்கிய) கண்ணாடிகளை நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் வகையை வாங்கட்டும். ஒற்றை டஃபன்டு கண்ணாடி உடைந்தால் மொத்தமும் பொடியாகக் கொட்டி, அந்த இடம் திறந்து கிடக்கும். செங்கல் கைப்பிடிச் சுவரோ பூச்சோடு சேர்த்து ஐந்து அங்குலத்தைத் தின்றுவிடும். மூன்றடி அகலப் படிக்கட்டில் அது பெரிய இழப்பு.

இதையெல்லாம்விட அதிகம் கோட்டை விடுவது கிராதியின் தூணை ஊன்றும் இடத்தில்தான். நம் ஊரில் சாய்வாக கான்கிரீட் ஸ்லாப் போட்டு, அதன்மேல் செங்கல்லால் படி கட்டி, கிரானைட் பதிப்பது வழக்கம். ஃபிட்டர் கிரானைட்டில் துளைபோட்டு ஆங்கர் போல்ட்டை முடுக்கும்போது அது பிடிப்பது செங்கல்லை. விரிந்து பிடிக்கும் போல்ட் செங்கல்லையே பிளந்துவிடும். மூன்றடி உயரத்தில் பக்கவாட்டில் 50 கிலோ அழுத்தம் விழுந்தால், தூணின் நாலு அங்குல அடித்தட்டின் போல்ட்டுகளைப் பிடுங்கும் விசை சுமார் 600 கிலோ. ஒரே வருடத்தில் கிராதி ஆடத் தொடங்குவது இதனால்தான். ஆட்டத்தையும் அரைகுறை வெல்டிங்கையும் அடியில் மாட்டும் பளபள கப் மறைத்துவிடும்.

எனவே படி கட்டும் முன்பே தூண் வரும் இடங்களைக் குறியுங்கள்; அங்கே செங்கல்லுக்குப் பதில், ஸ்லாப்போடு கம்பியால் பிணைத்துக் கான்கிரீட் போடச் சொல்லுங்கள். அல்லது ஸ்லாப்பின் பக்கவாட்டில் தகடு வைத்துத் தூணை நிறுத்துங்கள், படியின் அகலமும் மிச்சம். கட்டி முடித்த வீடா? தூண் படியின் முன்விளிம்பை ஒட்டி நிற்க வேண்டாம், அங்கேதான் செங்கல் கனம் அதிகம். மேற்படியை ஒட்டிய உள்பக்கம் போனால் சில அங்குலத்திலேயே ஸ்லாப் வந்துவிடும். அதற்குள் போதுமான ஆழம் இறங்கும் நீளமான கெமிக்கல் ஆங்கர் (துளையில் பசை விட்டு ஒட்டவைக்கும் போல்ட்) போடலாம்.

பைப்பை அடிக்கணக்கில் விலை பேசும்போது பைப் தகட்டின் கனம்தான் குறையும். 20 அடி நீளமுள்ள 2 அங்குல பைப் 1.2 மி.மீ. கனத்தில் ஏறக்குறைய 9 கிலோ நிற்கும், 0.9 மி.மீ. என்றால் 7 கிலோகூட வராது. தராசில் வைத்துவிடுங்கள். எஸ்.எஸ்.ஸில் 202, 304, 316 என்று ரகங்கள் உண்டு. ‘காந்தம் ஒட்டல, அப்ப 304தான்’ என்ற பேச்சை நம்பாதீர்கள். 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது சீக்கிரம் கறைபடும். ரகத்தைக் காட்டும் சோதனைத் திரவம் ஒரு துளி விட்டுப் பார்த்து, பில்லிலும் 304 என்று எழுதி வாங்குங்கள். கடலோர ஊர் என்றால் 316 நல்லது. டைல்ஸை ஆசிட் போட்டுக் கழுவும் வேலை கிராதி வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். அந்த ஆவியும் துளியும் 304-ஐயும் புள்ளி புள்ளியாக அரிக்கும். இரும்பு அறுத்த வீலாலேயே எஸ்.எஸ்.ஸையும் அறுத்தால் அதனாலும் துரு வரும்.

உயரத்தைப் படி விளிம்பிலிருந்து நேர் மேலாக அளக்க வேண்டும்; படியில் மூன்றடி, மாடி விளிம்பில் மூன்றரை. லேண்டிங்கில் (படிக்கட்டு திரும்பும் மேடையில்) கைப்பிடி அறுபடாமல் திரும்ப வேண்டும், முதியவர்கள் பிடி விடுவதும் தடுமாறுவதும் அங்கேதான். பைப் முனையை வெட்டியபடி விடாமல் கீழே வளைத்தோ தூணில் சேர்த்தோ முடிக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் முந்தானையும் துப்பட்டாவும் மாட்டும்.

கடைசித் தவணையைக் கொடுக்கும் முன், ஒவ்வொரு தூணின் தலையையும் இரண்டு கையாலும் வெளிப்பக்கம் தள்ளிப் பாருங்கள். அடித்தட்டு அசைந்தால் கப்பைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கட்டடப் பொறியாளர் ஒருவர்,
மதுரை