எங்கள் மௌனத்தைப் பாராட்ட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஏற்காட்டின் பழைய தேவாலயங்களைப் பற்றி வந்த கட்டுரையை ஆசையோடு படிக்க உட்கார்ந்தேன். படங்கள் நன்றாகவே இருந்தன. கடைசிப் பத்தியில்தான் மனசு கெட்டுப்போனது. இந்தப் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் தங்கள் நம்பிக்கையைத் தங்களோடு வைத்துக்கொண்டு, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் வாழ்வது பாராட்டத்தக்கது என்று கட்டுரையாளர் முடித்திருக்கிறார். நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருப்பார். ஆனாலும் அந்தப் பாராட்டை என்னால் வாங்கிக்கொள்ள முடியவில்லை.

நான் ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். கட்டுரையாளர் வியந்து எழுதிய கற்கோயில்களில் சில, தோட்டத் துரைமார்கள் தங்கள் வழிபாட்டுக்காகக் கட்டிக்கொண்டவை. அந்தச் சுவர்களைப் பார்த்து எங்கள் லைனில் யாரும் கிறிஸ்தவர் ஆகவில்லை. என் பாட்டிக்கு இயேசுவைச் சொன்னவர் ஒரு பைபிள் அம்மா. மலைப்பாதையில் நடந்தே வருவாராம். வேலை முடிந்து பெண்கள் அடுப்பு மூட்டும் நேரத்தில் வாசலில் உட்கார்ந்து, ஒரு கதை சொல்லி, ஒரு பாட்டுப் பாடி, காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஜெபம் பண்ணிவிட்டு இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாராம். அவர் கையில் கொடுப்பதற்கு அரிசியும் கிடையாது, பணமும் கிடையாது.

பாட்டி ஞானஸ்நானம் எடுத்தார். தாத்தா எடுக்கவில்லை, சாகும்வரை எடுக்கவில்லை. மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு அவர் கிளம்பும்போது வேட்டியைத் துவைத்து மடித்து வைப்பது பாட்டிதான். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பாட்டி திரும்புவதற்குள் தாத்தா சோறு வடித்து வைத்திருப்பார். பாட்டி தன் விசுவாசத்தை அவரிடம் ஒளித்ததே இல்லை. ராத்திரி அவர் காதில் விழும்படிதான் வேதம் வாசிக்கச் சொல்வார், வாசிப்பது பள்ளிக்கூடம் போன நான். அவர் கேட்டுக்கொண்டே பீடியைப் பற்றவைப்பார், சில நாள் கேள்வியும் கேட்பார். அந்த வீட்டில் யாரும் யாரையும் தொந்தரவு செய்ததாக எனக்கு நினைவில்லை. பேசுவதே தொந்தரவு என்று கட்டுரையாளர் எங்கிருந்து எடுத்துக்கொண்டார்?

ஆசிரியர் அவர்களுக்குத் தெரியாதது அல்ல, விசுவாசத்தை எடுத்துச் சொல்வது எங்களுக்கு விருப்பப்பட்டால் செய்கிற காரியம் கிடையாது. "நீங்கள் புறப்பட்டுப்போய்" என்று மத்தேயு கடைசி அதிகாரத்தில் இருப்பது, உயிர்த்தெழுந்தவர் சீஷர்களுக்குக் கொடுத்த கட்டளை. "சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால், எனக்கு ஐயோ" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். இந்திய ஆங்கிலிகன் சபையின் முதல் இந்தியப் பேராயர், 1912இல் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லில் பேராயரான நம் திருநெல்வேலிச் சீமைக்காரர் வே.ச. அசரியா, ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலைமேல் கைவைத்து பவுலின் அந்த வார்த்தையைச் சொல்ல வைப்பாராம். கூலி வேலை செய்கிற, எழுத்துத் தெரியாத ஜனங்கள் அவர்கள். குருவானவர் பார்த்துக்கொள்வார் என்று அவர்களையே அவர் விட்டுவிடவில்லை. ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு அஸ்தம்பட்டியில் உட்கார்ந்திருக்கும் என்னை மட்டும் எப்படி விடுவார்?

சேலத்தில் எல்லோரும்தான் பேசுகிறார்கள். கோட்டை மைதானத்தில் கட்சிக்காரர்கள் தொண்டை வற்றப் பேசுகிறார்கள். ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் பண்டிகை வந்தால், என்னோடு வேலை பார்த்த ஆசிரியை ஒருவர் கூழ் கொண்டுவந்து கொடுத்து, அம்மன் தன் குடும்பத்துக்குச் செய்ததையெல்லாம் கண்ணில் தண்ணீர் வரச் சொல்வார். நான் மனசாரக் கேட்டிருக்கிறேன். அவரை யாரும் ஆள் பிடிக்கிறவர் என்று சொன்னதில்லை, சொல்லவும் கூடாது. அதே ஆசிரியர் அறையில், என் மகனுக்கு அறுவைச் சிகிச்சை நடந்த சமயம் நான் எப்படித் தாங்கினேன் என்று அவர் கேட்டு, நான் இயேசுவைப் பற்றிச் சொன்னேன். மறுநாளே தலைமையாசிரியர் கூப்பிட்டு, "இதெல்லாம் இங்கே வேண்டாம் டீச்சர்" என்றார். கேட்டவருக்கு வருத்தம் இல்லை. பக்கத்து மேசையில் இருந்து காதில் வாங்கியவருக்குத்தான் வருத்தம். வருஷங்கள் ஆகிவிட்டன, அது இன்னும் ஆறவில்லை.

அப்புறம் தங்கள் நாளிதழுக்கே வருகிறேன். புதிய பஸ் நிலையத்தில் நகைக் கடன், ஆங்கிலப் பயிற்சி, ஜோசியம் என்று எத்தனை நோட்டீஸ் கையில் திணிக்கிறார்கள். எங்கள் சபைப் பெண்கள் இரண்டு பேர் அங்கே கைப்பிரதி கொடுத்தபோது மட்டும் கூட்டம் கூடியது, போலீஸ் வந்தது. "மதமாற்ற முயற்சியா?" என்று கேள்விக்குறி போட்டுத் தாங்கள் செய்தி வெளியிட்டீர்கள். விசாரித்துவிட்டு அன்று மாலையே அவர்களை அனுப்பிவிட்டார்கள் என்பது மறுநாள் ஒரு வரிகூட வரவில்லை. அவர்களில் ஒருவர் வீட்டு வேலை செய்து பிழைக்கிறவர். ஒரு வீட்டில் வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

அரசியல் சாசனத்தின் 25ஆவது பிரிவில் மதத்தைப் பின்பற்றுவதோடு பரப்புவதும் இருக்கிறது. அதை வைக்கலாமா என்று அரசியல் நிர்ணய சபையில் 1948 டிசம்பரில் பெரிய விவாதமே நடந்தது. நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி எழுந்து, தான் பதினான்கு வருஷம் போலக் கிறிஸ்தவக் கல்விக்கூடங்களில் படித்தும் தன்னை மாற்ற யாரும் முயலவில்லை என்று சொன்னார். ஓர் இந்து சொன்ன அந்தச் சாட்சி எங்களுக்குப் போதும். 1977இல் உச்ச நீதிமன்றம், மதத்தின் கொள்கைகளை எடுத்துச் சொல்லிப் பரப்பலாம், அடுத்தவரை மாற்றுவது உரிமை ஆகாது என்றது. சரி, எங்களுக்கும் அதுதான். மனசை மாற்றுவது கர்த்தருடைய வேலை, எங்கள் வேலை சொல்வது. நம் மாநிலத்தில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004 தேர்தலுக்குப் பிறகு வாபஸ் ஆனதையும் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தச் சமயத்தில் வீட்டு ஜெபக்கூட்டத்துக்குக்கூட ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தோம்.

ஆசை காட்டுகிறோம் என்கிறார்கள். 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணைப்படி, ஒரு தாழ்த்தப்பட்ட சகோதரர் ஞானஸ்நானம் எடுத்தால் பட்டியல் சாதிச் சலுகை போய்விடுகிறது. பின்னால் சீக்கியருக்கும் பௌத்தருக்கும் அதைத் திறந்துவிட்டார்கள், கிறிஸ்தவருக்கு இன்றுவரை இல்லை. பிள்ளையின் கல்லூரி இடத்தையே பறிகொடுத்து வருகிறவரைப் பார்த்து, எதற்கு ஆசைப்பட்டு வந்தாய் என்று கேட்பது எவ்வளவு பெரிய அநியாயம்!

எங்கள் ஆட்களிடமும் எனக்குக் கோபம் உண்டு, அதையும் சேர்த்தே போடுங்கள். அற்புதம் நடக்கும், கடன் தீரும் என்று ஊர் முழுக்கப் போஸ்டர் ஒட்டுகிறவர்கள் சுவிசேஷத்தின் பெயரைக் கெடுக்கிறார்கள். சபைத் தேர்தலுக்கு வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்கள், பக்கத்து வீட்டுக்காரரிடம் கிறிஸ்துவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் வசனம் அனுப்பிவிட்டு ஊழியம் முடிந்தது என்கிறார்கள் பிள்ளைகள். அதுவும் கிறிஸ்தவர்கள் மட்டும் இருக்கிற குழுவுக்கு! தங்கள் கட்டுரையாளர் பாராட்டியது இவர்களைத்தான் என்றால், எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது. விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவு (பதில்) சொல்ல ஆயத்தமாயிருங்கள் என்றார் பேதுரு. சாந்தத்தைச் சிலர் விட்டுவிட்டார்கள், உத்தரவு சொல்வதை மற்றவர்கள் விட்டுவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தங்கள் "நகரில் இன்று" பகுதியில் சொற்பொழிவு, கும்பாபிஷேகம், புத்தக வெளியீடு எல்லாம் வருகிறது. எங்கள் சபையின் நற்செய்திக் கூட்டத்துக்கான அறிவிப்பைச் செயலாளர் பலமுறை நேரில் கொண்டுவந்து கொடுத்தும் வரவில்லை. பார்க்கலாம் என்கிறார்கள், அவ்வளவுதான். இடம், நாள், நேரம் என்று இரண்டே வரி. அடுத்த கூட்டத்துக்காவது அதைப் போட ஏற்பாடு செய்தால் நன்றியுள்ளவளாக இருப்பேன். கூட்டத்துக்குத் தங்கள் கட்டுரையாளரையும் அழைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
அஸ்தம்பட்டி, சேலம்.