விசிலைத் திருப்பிக் கொடுக்கலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்கக் கல்லூரிகளில் பெயரைக் கெடுத்துக்கொண்டு வெளியேறிய ஃபுட்பால் கோச்சுகளுக்கு இன்னொரு வாய்ப்பு கொடுக்கலாமா என்று உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் கேட்டிருந்தீர்கள். (அங்கே ஃபுட்பால் என்றால் நம் கால்பந்து கிடையாது, முட்டை மாதிரிப் பந்தை இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடுவது.) கொடுக்கலாமா என்ன, கொடுத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். பாபி பெட்ரினோ 2012-இல் பைக்கில் போய் விழுந்து, பின்னால் உட்கார்ந்திருந்தது தானே வேலைக்கு எடுத்த பெண் என்பதை மறைத்ததால் ஆர்கன்சா பல்கலைக்கழகம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. எட்டே மாதத்தில் வேறொரு பல்கலைக்கழகம் கூப்பிட்டது, கடைசியில் துரத்திய ஆர்கன்சாவே திரும்ப எடுத்துக்கொண்டது. சரி, போகட்டும். அந்த வேலைக்கு மனு போட்ட மற்றவர்களுக்கு அநியாயம்தான், ஆனால் ஆடுகிற பையன் எவன் உயிருக்கும் ஆபத்து வரவில்லை.

எனக்கு உறுத்துவது மேரிலாந்து பல்கலைக்கழகம். 2018 மே மாதம் பயிற்சி ஓட்டத்தில் ஜோர்டன் மெக்னேர் என்ற 19 வயதுப் பையன் ஹீட் ஸ்ட்ரோக்கில் சுருண்டான். உடனே ஐஸ் தண்ணீரில் முக்கியிருக்க வேண்டும், செய்யவில்லை. இரண்டே வாரத்தில் இறந்துவிட்டான். பையன்கள் வாய் திறக்கவே பயந்தார்கள் என்று விசாரணைக் குழு எழுதியது. தலைமைக் கோச் டிஜே டர்கினை முதலில் தொடரச் சொல்லிவிட்டு, எல்லோரும் கொந்தளித்ததும் மறுநாளே நீக்கினார்கள். அப்புறம்? மிசிசிப்பி, டெக்சஸ் ஏ அண்ட் எம், ஆபர்ன் என்று வரிசையாகப் பல்கலைக்கழகங்களில் வேலை.

வாய் திறக்கப் பயந்தார்கள் என்றதும் எனக்கு எங்கள் காலேஜ் கிரவுண்டுதான் ஞாபகம் வந்தது. கடலூர் மே மாதம் உங்களுக்குத் தெரியும், மதியத்துக்கு மேல்தான் கடற்காற்று எட்டிப் பார்க்கும். எங்கள் கோச் தண்ணீர் குடிக்க விடமாட்டார், குடித்தால் வயிறு கனத்து ஓட முடியாதாம், வாய் கொப்பளித்துத் துப்பிவிட வேண்டும், துப்புகிறோமா என்று பக்கத்திலேயே நின்று பார்ப்பார். லெஃப்ட் விங் ஆடிய நண்பன் ஒருநாள் தேவனாம்பட்டினம் மணலில் ஓடும்போது விழுந்து வலிப்பு வந்து, ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினோம். பிழைத்தான். ஆனால் அதோடு பந்தைத் தொடவில்லை, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை கிடைக்கும் என்று அவன் அப்பா நம்பியதும் போனது. கோச் அடுத்த வருடமே இன்னொரு கல்லூரியில் விசிலோடு நின்றார், சால்வை போட்டு வரவேற்றார்களாம்.

பிழைப்புக்கு ஒரு வேலை யாருக்கும் வேண்டும், அதை நான் தடுக்கவில்லை. ஆபீசில் உட்காரட்டும், மேட்ச் வீடியோ பார்த்துக் குறிப்பெழுதட்டும். பையன்களை ஓடு என்று விரட்டுகிற இடம் மறுபடி வேண்டுமென்றால், எடுக்கிற கல்லூரி கப்புகளை எண்ணுவதற்கு முன்னால் பழைய டீம் பையன்களைக் கூப்பிட்டு விசாரிக்கட்டும் என்பதுதான் என் கட்சி. எங்கள் கோச்சை எடுத்தவர்கள் யாரும் வந்து கேட்கவில்லை. என் நண்பன் அப்போது பண்ருட்டி ரோட்டில் கடைதான் வைத்திருந்தான், தேடக்கூட வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய கோல்கீப்பர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.