போட்டோவுல மலையை வெட்டாதீங்க சார்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல ஒரு பழைய போர்க்கால போட்டோ போட்டிருந்தீங்க. பெரிய கடலோர பீரங்கி, பக்கத்துல ரெண்டு சிப்பாய், கீழ "1942, சிங்கப்பூர், கடல் பக்கம் மட்டுமே திரும்பக்கூடிய பீரங்கி"ன்னு ஒரு வரி. போட்டோ நல்லாத்தான் இருக்கு. ஆனா இடம் பத்தலைன்னு மேல் பாகத்தை க்ராப் பண்ணிட்டீங்க போல, பீரங்கிக்குப் பின்னாடி தெரிய வேண்டிய மலையும், கடலும் வானமும் முட்டுற கடல்கோடும் சுத்தமா காணோம். இந்த மாதிரி போட்டோவை கையில வச்சுக்கிட்டு அது எந்த இடம்னு தேடி அலையிற கிறுக்கு எனக்கு ரொம்ப வருஷமா உண்டு, அந்த உரிமையில சொல்றேன், நீங்க வெட்டி எறிஞ்சதுதான் அதுல உருப்படியான பாகம்.

ஏன்னா பீரங்கியை வச்சு இடத்தை சொல்லவே முடியாது. குழல் வாய் 6 இன்ச் இருக்கிற கடலோர பீரங்கின்னா பிரிட்டிஷ்காரன் கை வச்ச பல துறைமுகத்துல அதே மாடலைத்தான் வச்சான், சிப்பாய் போட்டிருக்கிற தொப்பியும் எல்லா ஊர்லயும் ஒண்ணுதான். மலையோட முதுகு மட்டும்தான் ஒரு ஊர்ல இருக்கிற மாதிரி இன்னொரு ஊர்ல இருக்காது.

கேப்ஷனைப் பத்தியும் சொல்லிடறேன். சிங்கப்பூர்ல 15 இன்ச் பீரங்கி மொத்தம் 5 இருந்துச்சு, சாங்கி பக்கம் ஜொகூர் பேட்டரிங்கிற பீரங்கி தளத்துல 3, புவனா விஸ்டாவுல 2. அதுல புவனா விஸ்டா பீரங்கியை ஜப்பான்காரன் வந்த வடக்கு பக்கமா திருப்ப முடியலைங்கிறது நிஜம். ஆனா சாங்கியில இருந்ததுல ரெண்டு நிலத்துப் பக்கம் திரும்பிச்சு, திரும்பினது மட்டுமில்ல, சுடவும் சுட்டுச்சு. பிரச்சனை குண்டுலதான், கையில இருந்தது கப்பலோட இரும்பு கவசத்தை துளைக்கிறதுக்குன்னு செஞ்ச குண்டு, அது தரையில விழுந்தா ஆழமா புதைஞ்சு போய் வெடிக்கும், காலாட்படைக்கு பெரிய சேதம் வராது. "தப்பான பக்கம் பாத்த பீரங்கி"ங்கிற கதை கேக்க நல்லா இருக்கிறதால 80 வருஷமா ஓடுது, ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒரு போட்டோவுக்கு கீழ வந்து ஒட்டிக்குது. இன்னொரு கூத்து, அந்த ஜொகூர் பேட்டரியையே சரணடையறதுக்கு முன்னாடி பிரிட்டிஷ்காரங்களே தகர்த்துட்டாங்க, இடம் மறந்தே போய் 1991லதான் மறுபடி கண்ணுல பட்டுச்சு. இப்போ அங்க நிக்கிறது டூப்ளிகேட் பீரங்கி. இன்னைக்கு அதுக்கு முன்னாடி நின்னு எடுக்கிற கருப்பு வெள்ளை செல்ஃபி எல்லாம் இன்னும் 50 வருஷத்துல என்னென்ன கேப்ஷனோட சுத்தப் போகுதோ.

போர்க்கால கேப்ஷனை நான் எப்பவுமே பாதிதான் நம்புவேன். சென்சார்காரன் ஊர் பேரை வேணும்னே அழிச்சிருப்பான், பயிற்சியில எடுத்ததை சண்டையில எடுத்ததுன்னு பிரச்சாரத்துக்காக மாத்தி எழுதியிருப்பான், சில சமயம் நெகட்டிவையே திருப்பிப் போட்டு பிரிண்ட் எடுத்திருப்பாங்க, சட்டை பட்டன் எந்தப் பக்கம் இருக்குன்னு பாத்துதான் நான் முதல்ல அதை செக் பண்ணுவேன்.

ஒரு அனுபவம் சொல்றேன், எந்த இடம்னு மட்டும் கேக்காதீங்க, சொன்னா அடுத்த வாரமே யாராவது மெட்டல் டிடெக்டரோட போய் நிப்பாங்க. நானும் ஒரு நண்பரும் ஒரு கடலோரக் குன்றுக்கு பிரிண்ட் போட்ட போட்டோவோட போனோம். போட்டோவுல பீரங்கி, பின்னாடி நடுவுல பல்லு விழுந்த மாதிரி ஒரு பள்ளம் இருக்கிற மலை, அந்த பள்ளத்துல சரியா நுனி முட்டுற மாதிரி ஒரு தீவு. மேல ஏறினா ஒரே புதர், அதுக்குள்ள வட்டமா ஒரு காங்கிரீட் மேடை. நண்பர் "இதான், இதேதான்"னு போட்டோ எடுக்க ஆரம்பிச்சுட்டார். நான் உக்காந்து கையால இலை தழையை தள்ளி தள்ளி பாத்தேன், போல்ட் ஒண்ணு கூட இல்ல. பீரங்கி நின்ன தரைன்னா நடுவுல வளையமா போல்ட் வரிசை இருக்கணும், சுட்டா பின்னாடி உதைக்கிற உதையை தாங்கறதே அதுதான், இரும்பை அறுத்து எடைக்குப் போட்டிருந்தாலும் அடிக்கட்டை காங்கிரீட்டுக்குள்ள துருவா நிக்கும். இங்க நடுவுல இருந்தது ஒரு பைப் முனை. நண்பர் அரை மணி நேரமா கட்டிப் பிடிக்காத குறையா நின்னது பழைய தண்ணி டேங்க் மேடை மேல.

அப்புறம் மலையை வச்சு தேடினோம். ஓடுற பஸ்ல உக்காந்து ஜன்னல் வழியா பாத்தா பக்கத்து கம்பம் ஓடும், தூரத்து மலை அப்படியே நிக்கும்ல, அதே கணக்குதான். டேங்க் மேடையில இருந்து பாத்தா தீவு நுனிக்கும் மலைப் பள்ளத்துக்கும் நடுவுல ஒரு விரல் இடைவெளி. இடது பக்கமா நடக்க நடக்க அந்த இடைவெளி சுருங்கிக்கிட்டே வந்துச்சு, ரெண்டும் முட்டின கோட்டுல அப்படியே கீழ இறங்கினோம். எந்த மட்டத்துல நின்னு எடுத்ததுன்னும் போட்டோவே சொல்லுச்சு, கடல்கோடு சிப்பாயோட தொப்பியை உரசிக்கிட்டு போகுது, அப்படின்னா கேமராவும் அந்த தொப்பி உயரத்துலதான் இருந்திருக்கு, அதனால பீரங்கி மேடைக்கு மேல ஏறி நின்னு எடுத்த படம் இல்ல, அதே தரையில நின்னு எடுத்தது. ஒரு மரத்தடியில கால் எதுலயோ இடறிச்சு, குனிஞ்சு பாத்தா துருப்பிடிச்ச போல்ட், அதுக்கு பக்கத்துல இன்னொண்ணு, டேப் வச்சு அளந்தா அழகான வளையம், சுத்துச் சுவர்ல குண்டு அடுக்கி வைக்கிற மாடங்கள் கூட அப்படியே இருந்துச்சு. மலை மட்டும் அந்த போட்டோவுல இல்லன்னா நாங்க தண்ணி டேங்க்கோட செல்ஃபி எடுத்துட்டு சந்தோஷமா வீட்டுக்கு வந்திருப்போம்.

தண்ணி டேங்க் மட்டும் இல்ல, கடல் மட்டத்தை ஒட்டி அகலமா வாய் திறந்து நிக்கிற காங்கிரீட் ரூமை எல்லாம் பீரங்கி கூண்டுன்னு போர்டே வச்சிருப்பாங்க, நிறைய இடத்துல அது சர்ச்லைட் வச்ச ரூம்தான். தரையில போல்ட் வளையம் இருக்கா, பக்கத்துல ஜெனரேட்டர் ரூம் இருக்கான்னு பாத்தாலே புரிஞ்சிடும்.

மேல இருந்து எடுத்த ஏரியல் போட்டோ இருந்தா போதுமேன்னு சிலர் சொல்வாங்க. அதுலயும் பீரங்கியை விட அதை சுத்தி இருக்கிறதுதான் பேசும், ஆள் நடந்து நடந்து விழுந்த ஒத்தையடிப் பாதை, குழல் வாய்க்கு முன்னாடி கருகின புல், சாயங்கால நிழலோட நீளம். பாதையே இல்லாத பீரங்கி குழின்னா அது ஏமாத்துறதுக்கு வச்ச டம்மியா இருக்க நிறைய சான்ஸ் இருக்கு. ஆனா போர் நடக்கும்போதே, அதுவே வேலையா இருந்தவங்களே ஏமாந்திருக்காங்க. பிரான்ஸ்ல நார்மண்டி கடற்கரை பக்கம் மெர்வில்ங்கிற இடத்துல ஜெர்மன்காரன் கட்டின காங்கிரீட் கூண்டோட சைஸை பாத்துட்டு உள்ள 150 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கும்னு கணக்கு போட்டாங்க, 1944 ஜூன் 6 விடியறதுக்கு முன்னாடி சுமார் 150 பிரிட்டிஷ் பாராசூட் வீரர்கள் உயிரைப் பணயம் வச்சு உள்ள போய் பாத்தா இருந்தது 100 மில்லிமீட்டர் செக் நாட்டு பீரங்கி. அதே நாள் நார்மண்டியிலயே பாயிண்ட் டு ஹாக்ங்கிற இடத்துல அமெரிக்க ரேஞ்சர்ஸ் படை வீரர்கள் செங்குத்தான பாறையில கயிறு போட்டு ஏறினாங்க, மேல போனா பீரங்கியே இல்ல, அந்த இடத்துல மரக்கட்டையை நீட்டி வச்சிருந்தாங்க. நிஜ பீரங்கியை ஏற்கனவே உள்நாட்டுப் பக்கம் நகர்த்தியாச்சு, அப்புறம் ஒரு மைல் தூரத்துல மரத்துக்கு கீழதான் கண்டுபிடிச்சாங்க. இன்னைக்கு அங்க போற டூரிஸ்ட் அந்த கூண்டைப் பாத்துட்டு "இங்க இருந்துதான் கடைசி வரைக்கும் சுட்டான்"னு சொன்னா யாரை குத்தம் சொல்றது.

அதனால சார், இந்த மாதிரி படம் போடும்போது சிப்பாயோட கால் போனாலும் பரவாயில்ல, மேல இருக்கிற மலையையும் கடல்கோட்டையும் விட்டுடுங்க. ஒரிஜினல் பிரிண்ட் உங்க ஆபீஸ்ல இருந்தா பின்பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்க, பென்சில்ல கிறுக்கின நம்பர் ஏதாவது இருந்தா அதையும் சேத்து போடுங்க. முழுப் படத்தை அடுத்த வாரம் போட்டீங்கன்னா நானும் என் நண்பரும் உக்காந்து பாக்கிறோம் (அவர் இப்போ போல்ட்டை பாக்காம வாயே திறக்கிறதில்ல). முழுப் படம் கிடைக்கலைன்னா அந்த கேப்ஷன்ல இருந்து "சிங்கப்பூர்"ங்கிறதையும் "கடல் பக்கம் மட்டுமே"ங்கிறதையும் எடுத்துட்டு, இடம் தெரியலைன்னு ஒரு திருத்தமாவது போட்டுடுங்க.

இப்படிக்கு,
ஞாயிறு இணைப்பை விடாம படிக்கிற ஒரு வாசகன்