புகார்: வெளிக்கோட்டு எழுத்துருவில் இகர, ஈகார எழுத்துகளுக்குள் வரும் குறுக்குக் கோடுகள்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு,

வணக்கம். உங்களிடம் வாங்கிய, ஓரக்கோடு மட்டும் இருந்து உள்ளே வெறுமையாக வரும் உருண்டை வடிவ வெளிக்கோட்டு எழுத்துருவைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது கடிதம் இது. முதல் கடிதத்துக்கு, “இது தலைப்புகளுக்கான எழுத்துரு, பெரிய அளவில் போட்டுப் பாருங்கள்” என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். பெரிய அளவில் போட்டதால்தான் ஐயா இந்தத் தொல்லையே.

குழந்தைகள் அறைச் சுவரில் ஒட்டுவதற்காக விலங்கு, பறவைப் பெயர்களை ஸ்டிக்கராக வெட்டினேன். எழுத்து ஒவ்வொன்றும் ஒரு சாண் உயரம். ‘முயல்’ அருமையாக வந்தது. ‘ல்’ மேல் இருக்கும் புள்ளி சோப்புக் குமிழி மாதிரியே இருக்கிறது. வரைந்தவர் கைக்கு மோதிரம் போடலாம். அடுத்து ‘கிளி’. ககரமும் மேல்விலங்கும் (இகர, ஈகாரத்துக்கு எழுத்தின் மேல் போடும் கொக்கி) சேரும் இடத்தில் இரண்டின் கோடுகளும் ஒன்றன்மேல் ஒன்றாகக் குறுக்கே ஓடுகின்றன. வெட்டும் இயந்திரத்துக்கு எது எழுத்து, எது பிழை என்று தெரியுமா? கோடு போன வழியெல்லாம் கத்தியை ஓட்டிவிட்டது. நகத்துணுக்கு அளவில் இரண்டு துண்டுகள் கழன்று என் விரலோடு வந்துவிட்டன.

நிரப்பிய எழுத்துருவில் மெய்யின்மேல் மேல்விலங்கு ஏறி உட்கார்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, கறுப்பின்மேல் கறுப்புதானே. உள்ளே வெறுமையாக இருக்கும் எழுத்தில் அப்படி ஒளிக்க முடியாது. ‘டி’, ‘டீ’ இரண்டும் சுத்தமாக இருப்பதைக் கவனித்தேன். அவற்றைத் தனி உருவாக வரைந்திருக்கிறீர்கள். உகர, ஊகார வரிசைகளும் அப்படித்தான், குறையே இல்லை. மீதி 17 மெய்களுக்கு மேல்விலங்கைத் தனியாக வைத்து ஒட்டிவிட்டீர்கள். கிரந்தத்தை விட்டுவிட்டால்கூட 34 எழுத்துகள். இவை இல்லாமல் தமிழில் எத்தனை தலைப்பு எழுத முடியும்? உங்கள் மாதிரிப் படத்தில் இருப்பது ‘பம்பரம்’, ‘வட்டம்’, ‘பந்து’. மூன்றிலும் ஒரு மேல்விலங்குகூடக் கிடையாது. தற்செயல் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

வரைகலை மென்பொருளில் எழுத்தை வடிவமாக மாற்றி, ஒன்றிணைக்கும் கட்டளை கொடுக்கச் சொன்னீர்கள். செய்து பார்த்தேன். உங்கள் எழுத்துருவில் கோடே ஒரு பட்டையாக வரையப்பட்டிருக்கிறது. பட்டையும் பட்டையும் இணைந்தால் குறுக்குப் பட்டை அப்படியேதான் இருக்கும். கையால் ஒவ்வொன்றாக அழிக்க வேண்டும். ‘கிளி’க்கு மட்டும் அரை மணி நேரம் ஆனது. அப்புறம் ‘மீன்’, ‘சிங்கம்’ எல்லாம் இருக்கின்றன. வடிவமாக மாற்றிவிட்டால் அது எழுத்தாகவும் இருக்காது, ஒரு சொல்லைத் திருத்த வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து.

அந்த 34 எழுத்துகளையும் தனித்தனியாக வரைந்து, தட்டச்சு செய்யும்போது அவை தானாக வந்து அமரும்படி ஓபன்டைப் விதி சேர்த்து, திருத்திய கோப்பை எனக்குக் கூடுதல் கட்டணம் இல்லாமல் அனுப்புங்கள். 15 நாளில் முடியாது என்றால் பணத்தைத் திருப்பித் தாருங்கள். ‘கி’யை ஆறு மடங்கு பெரிதாக்கிய படத்தையும் கிழிந்த ஸ்டிக்கரின் படத்தையும் இணைத்திருக்கிறேன். இந்த முறை பதில் எழுதுபவர் தயவுசெய்து முதலில் ‘கிளி’ என்று ஒரு தடவை அடித்துப் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்