மூத்தோர் போட்டி: எந்த வயது, எத்தனை கிலோ?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூத்தோர் போட்டிகளில் ஜெயித்தவர்களைப் பற்றிய செய்திகள் 'உலகத் தடகளத்தில் தங்கம்' என்ற தலைப்போடு முடிந்துவிடுகின்றன. எந்த வயதுப் பிரிவு, எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்ற விவரம் இருப்பதில்லை. 2021-இல் நடக்க வேண்டிய உலக மாஸ்டர்ஸ் (மூத்தோர்) விளையாட்டு விழா கொரோனாவால் தள்ளிப்போய், 2027 மே 14 முதல் 30 வரை ஜப்பானின் கான்சாய் பகுதியில் நடக்கவிருக்கிறது. போக நினைப்பவர்களுக்கும் அந்த விவரம்தான் முதலில் தேவை.

1985-இல் டொராண்டோவில் தொடங்கிய இந்த விழாவுக்குத் தகுதிச் சுற்று கிடையாது. வயது வரம்பைத் தாண்டியவர் கட்டணம் கட்டிப் பெயர் பதியலாம். பிறகு ஐந்தைந்து வயதாகப் பிரிப்பார்கள். 2017-இல் ஆக்லாந்தில் 101 வயது மன் கவுர் 100 மீட்டரை 74 வினாடியில் ஓடித் தங்கம் வாங்கினார். அந்தப் பிரிவில் ஓடியவர் அவர் ஒருவரே. அவரைக் குறைத்துச் சொல்லவில்லை. அந்த வயதில் ஓட்டப்பாதையில் நிற்பதே பெரிது.

வயதைக் கணக்கிடுவதில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உலக மூத்தோர் தடகள விதிப்படி, போட்டி தொடங்கும் நாளில் எத்தனை வயது முடிந்திருக்கிறதோ அதுதான் கணக்கு. நீச்சலில் அந்த ஆண்டு டிசம்பர் 31-இல் உள்ள வயது. போட்டி 2027 மே 14-இல் தொடங்கினால், 1967 மே 20-இல் பிறந்தவர் தடகளத்தில் 59, நீச்சலில் 60. ஒரே ஆள், இரண்டு பிரிவு! தொடரோட்டத்திலோ அணியில் இளையவரின் வயதே அணியின் வயது. 58 வயதுக்காரர் ஒருவரைச் சேர்த்தால் 65-ஐத் தாண்டிய மற்ற மூவரும் 55–59 பிரிவில்தான் ஓட வேண்டும்.

குண்டு எறிதலில் ஆண்களுக்கு 49 வயது வரை 7.26 கிலோ, 50–59-க்கு 6, 60–69-க்கு 5, 70–79-க்கு 4, அதற்கு மேல் 3 கிலோ. உள்ளூர் மைதானத்தில் கிடைப்பது பெரும்பாலும் 7.26 கிலோ குண்டு. அதிலேயே பழகிவிட்டு, போட்டியன்று 5 கிலோ குண்டைக் கையில் எடுத்தால் கை முந்திக்கொள்ளும், குண்டு கழுத்தைவிட்டு விலகும், முழங்கை கீழே இறங்கும். தள்ள வேண்டியதைக் கிரிக்கெட் பந்து மாதிரி வீசினால் ஃபவுல், தோளும் பிடித்துக்கொள்ளும். ஆறு மாதம் முன்பே சரியான எடையை வாங்கிவிடுவது நல்லது. குறுந்தூர ஓட்டத்தில் ஸ்டார்ட்டிங் பிளாக் (காலை ஊன்றிக் கிளம்பும் கட்டை) கட்டாயமில்லை, நின்றபடியே கிளம்பலாம். அறுபதுக்கு மேல் பழக்கமில்லாமல் பிளாக்கில் கால் வைப்பவர்களுக்குப் பின்தொடைத் தசை கிழிவது சகஜம்.

ஊக்கமருந்து விதியும் மூத்தோருக்கு உண்டு. ரத்த அழுத்தத்துக்காகத் தரப்படும் கூட்டு மாத்திரைகள் பலவற்றில் ஹைட்ரோகுளோரோதையசைடு இருக்கும். சிறுநீரைப் பெருக்கும் அந்த மருந்து தடைப்பட்டியலில் உள்ளது. இன்சுலினும் அப்படியே. சர்க்கரை நோய் மாத்திரையான மெட்ஃபார்மின் அந்தப் பட்டியலில் இல்லை. அட்டையின் பின்புறம் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பெயரைப் படித்து, மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். இல்லையென்றால் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு விண்ணப்பிக்கலாம். மாத்திரையைத் தானாக நிறுத்திவிட்டு ஓடக் கூடாது.

பதக்கச் செய்தியில் பெயருக்குப் பக்கத்தில் 'ஆண்கள் 60–64, 5 கிலோ, நான்கு பேர்' என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
மூத்தோர் தடகளப் பயிற்சியாளர் ஒருவர்,
திருச்சி