பாப்பாவுக்கு, மயூர் விஹாரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சௌக்கியம். வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதினால் நீ படிக்கமாட்டாய், அதனால் மெயில். அம்மாவுக்கு முட்டி வலி கொஞ்சம் தேவலை. ஜனக்புரி மாமா விஷயத்தில் புதிதாக ஒன்றுமில்லை, அதே ரகளைதான்.

பெர்லினில் குளிர் ஆரம்பித்திருக்கும். ஹீட்டருக்குக் கஞ்சத்தனம் பண்ணாதே. போன வருஷம் வீடியோவில் நீ ஓவர்கோட்டைப் போட்டுக்கொண்டு சாதம் சாப்பிட்டதை அம்மா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

உன்னிடமிருந்து வருவதெல்லாம் "ஒத்திகையில் இருக்கிறேன், அப்புறம் பேசுகிறேன்" என்ற ஒரே வரிதான். சரி, ஒத்திகை இருந்தால் நல்லதுதானே. காலையில் காபியோடு அந்தத் தியேட்டரின் வெப்சைட்டைத் திறந்து பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது, உனக்கே தெரியும். ஷ்பீல்பிளான் என்று மாத அட்டவணை போடுகிறார்களே, அதில் உன் நாடகம் இருந்த தேதிகளில் இப்போது வேறு ஏதோ படம் இருக்கிறது. மஞ்சள் ஏணியில் ஒரு ஆள் தலைகீழாகத் தொங்குகிறான். வெப்சைட்டில் கோளாறாக இருக்கும். கூகுளில் போட்டு மொழிபெயர்த்துப் பார்த்தேன், ஒன்றும் விளங்கவில்லை. அம்மாவிடம் காட்டவில்லை.

பொழுது போகாமல் அந்த ஊர் பட்ஜெட் பற்றிக் கொஞ்சம் படித்தேன். முப்பத்தைந்து வருஷம் ஆடிட்டில் குப்பை கொட்டியவனுக்கு வேறென்ன படிக்கத் தோன்றும்? 2025-ம் வருஷத்துக்குக் கலாச்சாரத்தில் மட்டும் சுமார் 130 மில்லியன் யூரோ வெட்டியிருக்கிறார்கள். 2024 டிசம்பரில் முடிவு, ஜனவரியில் அமல்! அங்கே தியேட்டர் சீசன் இலையுதிர் காலத்தில் ஆரம்பித்துக் கோடை வரை போகும் என்று நீதான் சொன்னாய். பாதி சீசனில் கையை மடக்கினால் எந்த நிர்வாகம் தாங்கும்? இங்கே ஒரு டிபார்ட்மென்ட் இப்படிச் செய்திருந்தால் நான் பக்கம் பக்கமாக அப்ஜெக்‌ஷன் எழுதியிருப்பேன். நிரந்தர ஊழியர் சம்பளத்தில் கைவைக்க முடியாது, கட்டடத்தை மூட முடியாது. அப்புறம் எங்கே கை வைப்பார்கள்? புதுத் தயாரிப்புகளில், வெளியிலிருந்து வரும் டைரக்டர்களிடம்தான். பொதுவாகச் சொல்கிறேன், உன்னைச் சொல்லவில்லை.

இன்னொரு சந்தேகம், அதுவும் பொதுவாகத்தான். கையெழுத்துப் போடும்போது ஒரு பங்கு, ஒத்திகை தொடங்கும்போது ஒரு பங்கு, முதல் காட்சி முடிந்ததும் மிச்சம் என்று பணம் வரும் என்றாயே. முதல் காட்சியே நடக்காவிட்டால் அந்த மிச்சம் வருமா? கான்ட்ராக்டில் அதற்கு ஒரு ஷரத்து இருக்கவேண்டும். இருக்கிறதா பார்.

கரோல்பாக் அத்தை தீபாவளிக்கு வந்திருந்தாள். "உங்க பொண்ணு டைரக்டர்ங்கிறீங்க, ஒரு தியேட்டர்ல கூட அவ படம் வரலையே" என்றாள். ராட்டர்டாம் விழாவில் காட்டினார்கள் என்றேன். "அது எந்த ஓடிடி?" என்கிறாள். அம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. நான் உள்ளே போய், ஜெர்மன் பத்திரிகையில் உன் பெயர் வந்த பக்கத்தை, லேமினேட் பண்ணி வைத்திருக்கிறேனே, அதைக் கொண்டுவந்து அத்தை மடியில் வைத்தேன். அவளுக்கு ஒரு எழுத்து புரியவில்லை. எனக்கும்தான்.

நீ மட்டும் அன்றைக்கு அந்த பேங்க் பரீட்சை எழுதியிருந்தால் இன்றைக்கு மேனேஜர். சரி, அதை விடு. ஐடிஓ ஆபீசிலிருந்து மண்டி ஹவுஸ் வரை நடந்து வந்து அபிமஞ்ச் அரங்கில் உன் டிப்ளமா நாடகம் பார்த்தேனே, அன்றைக்கு விளக்கு எரிந்ததும் எழுந்து நின்றவர்களில் எங்கள் அக்கவுன்ட்ஸ் ஆபீசரும் ஒருவர். அவர் எதற்கும் எழுந்து நிற்கிற ஆள் இல்லை.

அவர்தான் எனக்கு நாடக டைரக்டர் அல்காஜி கதையெல்லாம் சொன்னவர். எங்கள் ஆபீசுக்குப் பக்கத்திலிருக்கும் பெரோஸ் ஷா கோட்லா இடிபாடுகளில் 1963-ல் அல்காஜி 'அந்தா யுக்' நாடகம் போட்டதையும், நேரு வந்து பார்த்ததையும் தான் நேரில் இருந்ததுபோலச் சொல்வார். அல்காஜி லண்டனில் ராடா நாடகப் பள்ளியில் படித்தவர். அங்கேயே இருந்திருக்கலாம். பம்பாய்க்குத் திரும்பி வந்து மொட்டை மாடியில் நாடகம் போட்டார். அப்புறம் 1962-லிருந்து 15 வருஷம் தேசிய நாடகப் பள்ளியான என்எஸ்டியை நடத்தினார். அதையும் ஒரு நாள் விட்டுவிட்டு, அங்கிருந்து நாலு எட்டில் இருக்கும் திரிவேணி கலை மையத்தில் ஓவியக் காலரி வைத்து உட்கார்ந்துவிட்டார். நாடகமே வேண்டாம் என்று பல வருஷம். பிறகு வந்து என்எஸ்டியின் ரெபர்ட்டரி நாடகக் குழுவுக்கு மறுபடியும் இயக்கினார். நடுவில் சும்மா இருந்தாரே என்று யாராவது அவரைக் குறைவாகப் பேசினார்களா?

நம் சொசைட்டி மொட்டை மாடியில் நாடகம் போட முடியாது. தண்ணீர் டாங்கும் டிஷ்ஷும் அடைத்துக் கிடக்கின்றன. ஆனால் உன் அறை காலியாகத்தான் இருக்கிறது. இஸ்திரி மேஜையை எடுத்துவிட்டோம். சும்மா, அம்மா சுத்தம் பண்ணினாள். இங்கிருந்து மண்டி ஹவுசுக்கு மெட்ரோ மாறக்கூட வேண்டாம்.

கலைஞர்களுக்கான இன்ஷூரன்ஸ், அந்தக் கேஎஸ்கே சந்தாவை விடாமல் கட்டுகிறாயா? பாதி நீ கட்டினால் போதும் என்ற நல்ல திட்டம் அது, ஆனால் வருஷ வருமானம் 3,900 யூரோவுக்குக் கீழே போனால் சிக்கல் என்று படித்தேன். விசாவுக்கும் வருமானக் கணக்கு கேட்பார்கள். பேப்பர் எல்லாம் ஒரே ஃபைலில் போட்டு வை. நேரத்துக்குச் சாப்பிடு. ஹீட்டரைப் போடு.

முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். அடுத்த மாதம் என் ஃபிக்சட் டெபாசிட் ஒன்று முதிர்கிறது. புதுப்பிக்கப் போவதில்லை, வட்டி சுகமில்லை. பாங்கில் கேட்டேன், ஏ2 படிவம் நிரப்பினால் வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாமாம். உன் கணக்கின் ஐபான் எண்ணையும் பாங்க் பெயரையும் எழுத்துப் பிழையில்லாமல் மெயிலில் அனுப்பு. போனில் சொல்லாதே, அம்மா ஸ்பீக்கரில் போடுவாள். இது எதற்கு என்று நீ கேட்காதே, நானும் உன்னிடம் எதையும் கேட்கவில்லை.

ஞாயிறு அம்மாவுக்குப் போன் பண்ணு. ஒத்திகை இருந்தாலும்.

அன்புடன்,
அப்பா