மகளுக்கு, ஒப்பரேசன் விஷயமாக

கிளிநொச்சி

அன்பு மகளுக்கு,

போனில் இதைத் தொடங்கினாலே நீ அழுகிறாய். பக்கத்தில் மருமகன் நின்றால் எனக்கும் வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

கர்ப்பப்பை இறக்கத்துக்கு வைத்த வளையம் இனிச் சரிவராது. உள்ளே புண்ணாகி இரத்தம் கசிகிறது. ஒப்பரேசன்தான் என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். "பாரம் தூக்குவீங்களா அம்மா?" என்று கேட்டார்கள். பிள்ளைகளைப் பெற்றதோடு நெல் மூட்டை, தண்ணீர்க் குடம், 2009இல் புதுமாத்தளன் வரை சுமந்த சாமான். வன்னியில் பாரம் தூக்காதவள் யார்?

இறங்கியதைத் தூக்கிப் பிடிக்க உள்ளே வைத்துத் தைக்கிற பிளாஸ்டிக் வலையை நினைத்து நீ பயப்படுகிறாய். உங்கள் இங்கிலாந்தில் 2018இல் நிறுத்தி வைத்ததும் அமெரிக்காவில் 2019இல் விற்பனையைத் தடுத்ததும் பிறப்புறுப்பு வழியாக வைக்கிற வலையைத்தான். அது சதையை அரித்து வெளியே வந்து, பல பெண்கள் வலியோடு திண்டாடினார்கள். வயிற்றால் போய், வலையை முதுகெலும்பின் அடியோடு சேர்த்துக் கட்டுவது வேறு வேலை. அது நன்றாகத் தாங்குமாம். ஆனால் முழு மயக்கம், கூடிய நேரம். சீனி வருத்தமும் பிரஷரும் உள்ள எனக்கு வேண்டாம்.

நீ சொன்னது, கீழால் கர்ப்பப்பையை எடுத்துச் சொந்தத் தசையையே தைப்பது. பையை எடுத்தால் தீர்ந்தது என்றுதான் இங்கேயும் பெண்கள் நினைக்கிறார்கள். பையில் குற்றமில்லை, தாங்குகிற நார்தான் தளர்ந்தது. மேல்பகுதியை இடுப்பின் உள்நாரோடு கட்டாவிட்டால் பை இருந்த இடமே பிறகு இறங்கும். கட்டினாலும் சிலருக்குச் சலப்பைப் பக்கம் திரும்ப வரும், கொஞ்ச நாள் பிட்டத்தில் வலியும் இருக்கும்.

நான் கேட்டிருப்பது, இறங்கியதை உள்ளே தள்ளிப் பிறப்புறுப்பு வழியையே மூடித் தைக்கிறதை. டொக்டர் பிள்ளை வெட்கப்பட்டு, "பிறகு தாம்பத்தியம் இல்லை அம்மா, வேண்டாமென்று மாற்றவும் ஏலாது" என்றது. எழுபதைத் தாண்டி, அப்பாவும் இல்லாத எனக்கு அதில் என்ன நட்டம்? முதுகில் ஊசி போட்டே செய்யலாம், நேரமும் குறைவு, திரும்ப இறங்குவது மிக அரிது. ஐம்பது வயதுக்காரி வந்து கேட்டால் இதைச் சொல்லவே மாட்டேன்.

கர்ப்பப்பை உள்ளேயே இருக்கும், பிறகு கீழால் பார்க்க வழியில்லை. அதனால் ஸ்கானும் கருப்பைக் கழுத்துச் சோதனையும் முதலே வேண்டும். கசிந்தது வளையப் புண்ணால்தானா என்பதும் அதில் தெரியும். இன்னொன்று, இறங்கிய சதை சலக்குழாயை மடித்து வைத்திருக்குமாம். தூக்கிவிட்டால் இருமும்போது சலம் போகலாம். அதையும் முன்பே பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது. உன் சின்னம்மா வந்து நிற்பாள். ஆஸ்பத்திரியில் காசு கேட்க மாட்டார்கள், டிக்கெட்டும் இப்போது போடாதே. நீயும் மூன்று பெற்றவள். அங்கே பிசியோவில் கீழ்த்தசைப் பயிற்சி சொல்லிக் கொடுப்பார்களாமே, முதலில் போய் அதைக் கேள்.

அம்மா